காரின் குளிர்சாதனம்: பழுதும் பரிகாரமும்

கொச்சியின் தென்கோடியில், வேம்பநாட்டுக் காயலை ஒட்டிக் கிடக்கும் இடக்கொச்சியில், மனிதரை வெயிலைக் காட்டிலும் ஈரமே அதிகம் வருத்துகிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காரில் வந்து சேருகிறவர், அங்கே 36 டிகிரி உஷ்ணத்திலும் இதமாகக் குளிர்ந்த வண்டி இங்கே 32 டிகிரியிலேயே சோர்ந்துபோவதைக் கண்டு, யந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவுசெய்து பட்டறையை நாடுகிறார். அங்கே பரிசோதனை எதுவும் நடப்பதற்கு முன்பே, கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பிவிட்டால் சரியாகிவிடும் என்ற தீர்ப்பு பல சமயங்களில் வந்துவிடுகிறது. காரின் குளிர்சாதனத்தைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்களில் பணத்துக்கும் வண்டிக்கும் வாயுமண்டலத்துக்கும் ஏககாலத்தில் கேடு விளைவிப்பது இதுவே.

ஏனெனில், குளிர்விக்கும் வாயு ஓட ஓடச் செலவாகிற பொருள் அன்று. கம்ப்ரஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்னும் நான்கு உறுப்புகளும் குழாய்களால் இணைந்து வெளியுலகத் தொடர்பு இல்லாத ஒரு மூடிய வட்டமாக அமைந்திருக்கின்றன. அதற்குள் சிறிய கார்களில் அரைக் கிலோவுக்கும் குறைவான வாயுவே இடைவிடாமல் சுற்றி வருகிறது. ரப்பர்க் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிது கசிவது இயல்பே; ஆனால் ஒரே கோடைக்குள் குளிர்ச்சி மறைந்துபோனால், எங்கோ ஓர் ஓட்டை உண்டு என்பது நிச்சயம். அந்த ஓட்டையைத் தேடாமல் மேலும் வாயுவை நிரப்புவது சிகிச்சை ஆகாது.

திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும் என்பது மண்பானைத் தண்ணீரைக் குடித்தவர் யாவரும் அறிந்த உண்மை. அதே நியதிதான் இங்கும் ஆட்சி செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், இன்று பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற பொருள், சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கம்ப்ரஸர் இந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது; அங்கே சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு அழுத்தத்தில், 54 டிகிரி அளவில், அது தன் உஷ்ணத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பிறகு ஈரம் உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துவாரத்தில் புகுந்து, அழுத்தம் 30 பவுண்டு அளவுக்கு வீழ்ந்ததும், டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூலிங் காயிலில் ஒன்றிரண்டு டிகிரி உஷ்ணநிலையிலேயே மறுபடி கொதிக்கத் தொடங்குகிறது. அந்தக் காயிலின் மீது பட்டு வரும் காற்றே நம் முகத்தில் வந்து வீசுகிறது.

இடக்கொச்சியின் ஈரம் இந்த ஏற்பாட்டின் மீது சுமத்தும் பாரம் இன்னதென்று கணக்கிட்டுப் பார்த்தாலன்றி விளங்காது. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தை வெளியிடுகிறது. காயில் அதை முழுவதும் விழுங்கியாக வேண்டும். அதே அளவு உழைப்பைக் கொண்டு ஏறக்குறைய 240 கிராம் காற்றைப் பத்து டிகிரி குளிரச் செய்திருக்கலாம். ஆகவே கடற்கரைப் பிரதேசத்தில் யந்திரத்தின் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிழிந்து நீரைப் பிரிப்பதிலேயே கழிந்துவிடுகிறது. வண்டியின் அடியில் சொட்டும் தண்ணீர் அந்த உழைப்பின் அடையாளமே தவிரப் பழுதின் அடையாளம் அன்று. அது வெளியே சொட்டாமல் காலடி மிதியில் தேங்கினால்தான் வடிகுழாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தான் திறந்திருந்தால், ஈரக் காற்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். அதை மூடி, உள்காற்றையே சுழலவிட்டுச் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது, செலவில்லாத முதல் பரீட்சை. கோவையிலிருந்து வந்தவரின் கவலை பெரும்பாலும் இந்தப் பரீட்சையிலேயே தீர்ந்துவிடும்.

ஈரத்துக்கு அடுத்த பகை உப்பு. கடற்காற்று சுமந்து வரும் உப்புத்துகள், கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து ஊசிமுனைக் குழிகளைத் தோண்டுகிறது. வேலியேற்றம் எனப்படும் கடல் ஓதம் உயரும் காலத்தில் காயல் நீர் இந்தப் பகுதிச் சாலைகளிலும் முற்றங்களிலும் ஏறி நிற்பதுண்டு; அந்த நீரில் இறங்கி ஓடும் வண்டியின் முன்பகுதி முழுவதும் உவர்நீரில் நனைகிறது. அப்படி நனைந்த நாளிலேயே நல்ல தண்ணீரைக் குறைந்த வேகத்தில் பாய்ச்சிக் கண்டென்சரைக் கழுவிவிடுவது, அதன் ஆயுளை நீட்டிக்கும் எளிய உபாயம்.

கொச்சிப் பிரதேசம் குளிரூட்டும் தொழிலுக்குப் புதியதன்று. 1953-இலேயே இங்கிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இடக்கொச்சிப் பாலத்தைத் தாண்டினால் வரும் அரூரில் மீன் பதப்படுத்தும் ஆலைகள் இன்றும் நிறைந்திருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் பெரிதும் பயன்படும் அமோனியா, சற்றுக் கசிந்தாலும் மூக்கைத் துளைக்கும் நெடியால் தன் இருப்பை அறிவித்துவிடும். காரில் உள்ள வாயுவுக்கோ நிறம் இல்லை, நாசிக்குப் புலப்படும் நெடியும் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் அதன் கசிவை யுக்தியாலும் கருவியாலும் தேட வேண்டியிருக்கிறது.

தேடுவதற்கு முன், கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று நிதானிக்க வேண்டும். காற்று குறைவாக வந்து, வருகிற காற்று குளிர்ச்சியாகவே இருந்தால், வாயுவின் மீது பழி சொல்ல நியாயமில்லை; புழுதியால் அடைபட்ட கேபின் ஃபில்டரையோ, நலிந்த புளோயரையோ, பனி மூடிய காயிலையோ பார்க்க வேண்டும். அரூர்ப் பாலத்தின் மேல் வேகமாகப் போகையில் குளிர்ந்து, தோப்பும்படிச் சந்திப்பின் நெரிசலில் நின்றதும் வெப்பமாகிவிடுகிற வண்டியில், கண்டென்சர் விசிறி ஓடவில்லை அல்லது கண்டென்சர் அழுக்கேறிக் கிடக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். காற்று பலமாக வந்தும் எப்போதும் வெப்பமாகவே இருந்தால், சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா என்று கவனிப்பது முறை. பிடிக்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் என்று வரிசையாகச் சோதிக்கலாம். கால் மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு நின்றுபோய், வண்டியை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் மீண்டும் குளிர்வது, உள்ளே புகுந்த ஈரம் வால்வின் துவாரத்தில் பனிக்கட்டியாக உறைவதன் லக்ஷணம்.

இதற்குப் பின்னரே அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்டு கேஜை மாட்ட வேண்டும். யந்திரம் ஓடாத நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 97 பவுண்டு காட்டும். ஆனால் உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருந்தாலும் முழு அளவு இருந்தாலும் இந்த எண் மாறாது என்பதால், ஓடாத யந்திரத்தின் அழுத்தத்தைக் கொண்டு வாயுவின் அளவை மதிப்பது பிழை. ஓடும்போது கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம் இரண்டிலும் அழுத்தம் தாழ்ந்திருந்தால் கசிவு. இரு பக்கமும் உயர்ந்திருந்தால் அளவு மீறிய வாயு, உட்புகுந்த காற்று, அல்லது குளிராத கண்டென்சர். உறிஞ்சும் பக்கம் உயர்ந்து, தள்ளும் பக்கம் தாழ்ந்திருந்தால் கம்ப்ரஸர் பலம் இழந்தது.

கசிவு என்று தெளிந்தால், முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் காணப்படும். நைட்ரஜனை அழுத்தத்தோடு நிரப்பிச் சோப்பு நுரை தடவியோ, எண்ணெயில் சாயம் கலந்து புற ஊதா விளக்கைக் காட்டியோ மற்றவற்றைக் காணலாம். இந்தச் சோதனைக்கு ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். திறந்த இணைப்புகளில் ஓ-ரிங்கை மாற்றி, டிரையரையும் புதிதாக வைத்து, வேக்கம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். வேக்கம் இழுப்பது காற்றை அகற்றுவதற்கு மட்டுமன்று. அழுத்தம் போதிய அளவு தாழ்ந்தால் உள்ளே தங்கிய நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும் என்பதே அதன் முக்கியப் பிரயோஜனம். பம்பை நிறுத்திய பின் முள் ஏறாமல் நின்றால், வாயுவை எடைபோட்டு நிரப்பலாம்.

இவ்வளவு கவனம் அவசியந்தானா என்று கேட்பவருக்கு வேறொரு காரணமும் சொல்ல வேண்டும். 1939-இல் பாக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரை அறிமுகப்படுத்தியது. அதன்பின் பல்லாண்டுகள் கார்களில் வழங்கிய ஆர்-12 ஓசோன் படலத்தை அழிப்பதாகத் தெரிந்து, 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதெனினும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1400 மடங்கு வலியது. அரைக் கிலோ கசிந்தால் 700 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் கலந்ததற்கு ஒப்பாகும். இதன் உபயோகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்படிக்கை 2016-இல் உருவாயிற்று. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. பழைய வாயுவை வெளியில் திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்கும் பட்டறையே நல்ல பட்டறை.

உங்கள் வண்டிக்குரிய வாயு எது, எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டின் உட்புறம் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வண்டியைப் பட்டறையில் விடும்முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கசிவு எங்கே என்று காட்டிய பிறகே வாயு நிரப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். நிரப்பும்போது தராசைக் கேளுங்கள்.