குழல் தேர்வுக்கு எந்த உருப்படி?

பிள்ளைக்குத் துணி எடுக்கக் கடைக்குச் சென்றால், அதன் உடலளவைப் பார்த்தே எடுக்கின்றோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்திய சட்டை நம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆனால் இசைத் தேர்வு என்று வந்துவிட்டால், இந்த எளிய அறிவு நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. 'அந்தப் பையன் வாசித்ததையே என் மகளும் வாசிக்கட்டும்; அதைவிடக் கடினமானதாயின் இன்னும் நன்று' என்கின்றோம்.

மேனாட்டுப் புல்லாங்குழல் பயிலும் இளைஞருள் பலர் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வை எழுதுகின்றனர். அக்கல்லூரி 1872இல் தோன்றியது. அதன் தேர்வுகள் நம் மாநிலத்திற்குப் புதியன அல்ல. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, ட்ரினிட்டியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதைப் பலரும் அறிவர். இன்று கப்பலூர் ஆலையிலும் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் பெற்றோர்கூடத் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பிள்ளைகளை இத்தகைய தேர்வுகளுக்கு அனுப்ப விரும்புகின்றனர். போற்றத்தக்க விருப்பமே. ஆயின் ஐந்தாம் தரத்திற்கு மேல் செல்லும்போது, உருப்படிகளைத் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழை ஓராண்டு உழைப்பையே வீணாக்கிவிடக்கூடும். அதனால் மனம் உடைந்து குழலைப் பெட்டியில் பூட்டிவிடும் பிள்ளைகளும் உண்டு.

முதலில் மதிப்பெண் கணக்கைக் காண்போம். ட்ரினிட்டி நேர்முகத் தேர்வின் மொத்த மதிப்பெண் 100. அதில் மூன்று உருப்படிகளுக்கு மட்டும் 66. அதாவது ஒவ்வொன்றுக்கும் 22. அந்த 22ஐயும் மூன்றாகப் பகுப்பர். குறிப்பில் உள்ளபடி பிழையின்றித் தடையின்றி வாசிப்பதற்கு 7, கருவியை ஆளும் திறனுக்கு 7, இசையின் உட்பொருளைக் கேட்போருக்கு உணர்த்துவதற்கு 8. 60 பெற்றால் தேர்ச்சி. 87 பெற்றால் தனிச் சிறப்பு. மூன்றனுள் மிகுந்த மதிப்பெண் எதற்கு என்பதைக் கவனியுங்கள். விரல் வேகத்திற்கன்று, உணர்த்தும் திறனுக்கே! பிள்ளை தட்டுத் தடுமாறி வாசிக்கும் கடின உருப்படி இம்மூன்று பகுதிகளிலும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஒரு படி எளிதாயினும் உள்ளம் ஒன்றி வாசிக்கும் உருப்படியோ மூன்றிலும் கூட்டும்.

பாரிஸ் இசைக் கல்லூரியின் வரலாறும் இதையே காட்டுகின்றது. அங்கே ஆண்டுத் தேர்வுக்கெனப் புதிய உருப்படிகளை இயற்றுவிக்கும் வழக்கம் இருந்தது. குழலாசிரியர் தஃபனேல் காலத்தில், 1898ஆம் ஆண்டுத் தேர்வுக்காக ஃபோரே 'ஃபாந்தேஸி' என்னும் உருப்படியை இயற்றினார். அதன் முற்பகுதி நிதானமாக நெடுமூச்சில் பாடும். பிற்பகுதி விரைந்து ஓடும். விரலோட்டத்தோடு மூச்சின் ஆட்சியும் நாதத்தின் இனிமையும் சேர்ந்தால்தான் ஒருவன் குழலிசைஞன் ஆவான் என்பதே அதன் உட்கருத்து. ஆகவே மூன்று உருப்படிகளும் ஒரே சாயலில் அமைதல் ஆகாது. ஒன்று விரைவாகவும், ஒன்று உருக்கமாகவும், ஒன்று வேறு காலத்தையோ வேறு நாட்டையோ சார்ந்ததாகவும் இருத்தல் நன்று.

இனி, தெரிந்தெடுக்கும் வழியைச் சொல்வேன்.

முதலாவது, மூச்சு. பாஹ் போன்றோரின் படைப்புகளில் சுரங்கள் இடைவிடாது தொடரும். மூச்சு வாங்க இடமே இராது. புத்தகத்தில் பென்சிலால் மூச்சிடங்களைக் குறித்துப் பாருங்கள். வாக்கியம் சிதையாமல் மூச்சு வாங்க இயலாவிடில், அவ்வுருப்படி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, பிள்ளையின் நாதம். கீழ்ச் சுரங்கள் வலுவாக ஒலிக்கின்றனவா? உச்சச் சுரங்களை மென்மையாக வாசிக்க முடிகின்றதா? குழலில் உச்சச் சுரத்தை மெல்ல ஊதுவதே கடினம். வெப்பம் ஏறினால் குழலின் சுருதியும் ஏறும். வெளியிலே மதுரை வெயில், உள்ளே குளிர்சாதன அறை என்றால், சுருதி நிலையாய் நிற்பது எளிதன்று. நீண்ட உச்சச் சுரங்கள் நிறைந்த உருப்படியைத் தெரிந்துகொள்ளுமுன் இதையும் எண்ணுக.

மூன்றாவது, பியானோ. சிற்றூர்களில் பியானோத் துணை வாசிப்போர் அரியர். பூலாங் 1957இல் இயற்றிய குழல் சொனாட்டா போன்றவற்றில் பியானோவுக்கும் கடும் வேலை உண்டு. பியானோ வாசிப்பவரோடு பல முறை சேர்ந்து பயில வாய்ப்பில்லாதோர், துணைப் பகுதி எளிதான உருப்படிகளை நாடுதல் நலம். டெலிமான் துணையே இன்றி வாசிக்கும் 12 ஃபாந்தேசியாக்களைக் குழலுக்கென இயற்றினார். பாடத்திட்டம் அனுமதிக்குமாயின் அத்தகையதையும் கருதலாம். ஆனால் அங்கே பிழையை மறைக்கப் பியானோ ஒலி இராது என்பதை மறவாதீர்!

நான்காவது, பட்டியல். பாடத்திட்டம் காலத்துக்குக் காலம் மாறும். பழைய பட்டியலை நம்பி விலைமிகுந்த அயல்நாட்டுப் புத்தகம் வாங்கி ஏமாற வேண்டாம். தேர்வுக் குழு வெளியிடும் தொகுப்பு நூலில் பல உருப்படிகள் ஒருங்கே கிடைக்கும், செலவும் குறையும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்பு, இறுதியாக ஒரு சோதனை. நம் நாட்டுக் குழல் மேதை டி. ஆர். மகாலிங்கம் (1926–1986) மூங்கில் குழலிலேயே வாய்ப்பாட்டின் கமகங்களைக் கேட்கச் செய்தார். குழலும் பாடவே வேண்டும். ஆகவே பிள்ளை குழலைக் கீழே வைத்துவிட்டு, அந்த உருப்படியின் மெட்டை வாயால் பாடட்டும். பாட முடிந்தால் அது அதன் சொந்தம். பாட முடியாவிடில் அது இன்னும் அச்சிட்ட தாளே. தேர்வுக்கு முன் வீட்டாரிடமும், பாடகர் குழு கூடும் மாலையிலும், நால்வர் கேட்க வாசித்துப் பழகட்டும்.

அன்புப் பெற்றோரே! ஆசிரியரும் பிள்ளையும் கலந்து தெரிந்தெடுக்க நீங்கள் இடங்கொடுங்கள். 'எது பெருமை தரும்?' என்று வினவாமல், 'எதை வாசிக்கும்போது உன் முகம் மலர்கின்றது?' என்று பிள்ளையைக் கேளுங்கள். சான்றிதழ் சுவரில் ஒரு நாள் மங்கிப்போகும். தேர்வு முடிந்த மறுநாளும் பிள்ளை தானாகவே குழலைக் கையில் எடுக்குமாயின், நீங்கள் செலவிட்ட பணமும் உழைப்பும் வீண்போகவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.