இருபதாயிரத்தில் ஒரு பங்கு நொடி

அரிசோனா மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், பேட்டகோனியா என்று ஒரு சிற்றூர். 1970களில் அங்கே குடிவந்த வாலி, மேரியன் பேட்டன் தம்பதியர் வீட்டுக் கொல்லையில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைத் தொங்கவிட்டார்கள். பறவைகள் வந்தன. பறவைகளைப் பார்க்க வந்தவர்கள் வேலியோரம் எட்டிப் பார்த்து நின்றார்கள். எட்டிப் பார்ப்பானேன், உள்ளேயே வந்து உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள் அந்த வீட்டுக்காரர்கள். விரும்பியவர் காசு போட வேலியில் ஒரு டப்பா தொங்கியது. அதன் பெயர் ‘சர்க்கரை நிதி’. அவர்கள் காலத்துக்குப் பின் அப்போது டூசான் ஆடுபன் சங்கம் என்று பெயர்கொண்டிருந்த அமைப்பு அந்த வீட்டை வாங்கிக் காத்துவருகிறது.

அந்தக் கொல்லையில் ஓர் ஆகஸ்ட் மாதம், மூன்று நாள், காமிராவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

ரீங்காரச்சிட்டு என்று நாம் பெயரிட்டிருக்கும் ஹம்மிங்பேர்ட், அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இன்று கிடையாது. நம் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டை அதுவென்று காட்டுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவே இல்லை. அதன் நெருங்கிய உறவு, மாலை வானில் அரிவாள்போல் சிறகு விரித்துச் சுழல்கிறதே உழவாரன், அதுதான்! தேனுக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்லாத பறவையைத் தேன்குடிப்பதற்கே பிறந்ததற்குப் பங்காளியாக்கியவனின் குறும்பை என்னவென்று சொல்ல?

எடை மூன்று, நான்கு கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. சின்ன இனங்கள் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் சிறகடிக்கும். மற்ற பறவைகளுக்குச் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் பெரும்பாலும் தூக்குவிசை கிடைக்கிறது. இதுவோ திரும்பி வரும் வீச்சிலும் சிறகைப் புரட்டிப் போட்டுக் காற்றை அமுக்கி, உடல் பாரத்தில் கால்பங்கை அதிலேயே தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பூவின் முன்னே அந்தரத்தில் நிற்க முடிகிறது. குடித்து முடித்ததும் பின்பக்கமாகவே பறந்து விலக முடிகிறது.

படம் எடுப்பவருக்கு வரம் அந்தப் பின்வாங்கல்தான். குப்பியில் வாய் வைத்திருக்கும்போது எடுத்தால் படத்தில் பிளாஸ்டிக்கும் விழும். குடித்துவிட்டு ஒரு சாண் பின்னால் வந்து, போகலாமா இன்னொரு மிடறு குடிக்கலாமா என்று அது யோசிக்கிற அரை நொடி இருக்கிறதே, அங்கே ஃபோகஸை வைத்துக் காத்திருக்க வேண்டும். துரத்திப் பிடிக்கலாம் என்று லென்ஸை இங்கும் அங்கும் ஆட்டியவன் வெறும் இலைகளோடு வீடு திரும்புவான். முதல் நாள் நான் அப்படித்தான் திரும்பினேன்.

சிறகை உறையவைப்பது வேறொரு வித்தை. ஷட்டர் 250இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால்கூட, அதற்குள் சிறகு ஒரு முழுச் சிறகடிப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கடந்துவிடும். எனவே அந்த வேலையை ஷட்டரிடம் கொடுக்காமல் வெளிச்சத்திடம் கொடுக்கிறார்கள். நிழலான இடத்தில் பூவைச் சுற்றி மூன்று நான்கு ஃப்ளாஷ்களை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்கு நொடி மட்டும் மின்னி அணையும். அந்த மின்னலில் சிறகு கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். எம்ஐடி பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வழிகாட்டிய உத்தி இது. டூபாண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட், இந்தப் பித்து தலைக்கேறி, அதிவேக ஃப்ளாஷ் கருவிகளைச் சுமந்துகொண்டு தென்னமெரிக்கக் காடுகளெல்லாம் அலைந்து, 1960இல் படங்களோடு ஒரு புத்தகமே கொண்டுவந்தார்.

எனக்கென்னவோ அந்த உறைந்த படங்களைப் பார்த்தால் மனம் ஒட்டுவதில்லை. அழகுதான், ஆனால் ஊசி குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கிறது. உடல் அசையாமல் நிற்க, இருபுறமும் சிறகு புகையாகக் கரைகிற படம் எனக்குப் போதும்.

இரண்டாம் நாள் அன்னா வகைச் சிட்டு ஒன்று எதிர்க் கிளையில் வந்து அமர்ந்தது. ஆண். கழுத்து கரியைப் பூசியதுபோல் இருந்தது. வெயில் என் முதுகுப் பக்கம். அது மெல்லத் தலையை என் பக்கம் திருப்பியது. கழுத்தும் தலையும் பற்றிக்கொண்டு எரிந்தன, ரோஜாச் சிவப்பில்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தோளைப் பிடித்து அழுத்தினார். முன்பின் தெரியாதவர். அடுத்த கணம் மறுபடி கரி.

அந்தச் சிவப்பு சாயமல்ல. இறகுக்குள் மெலனின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றுக்குள் காற்றுக் குமிழிகள். கறுப்பையும் காற்றையும் வைத்துக்கொண்டு, வரும் ஒளியிலிருந்து சிவப்பை மட்டும் பொறுக்கி ஒரே திசையில் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. அந்தத் திசையில் நாம் இருந்தால் தரிசனம். இல்லையென்றால் திரை விழுந்த சன்னிதிதான். சரியாக அந்த நேரத்தில் நான் ஷட்டரை அழுத்த மறந்துபோனேன்.

இப்பறவைக்கு ஊற்றுகிற தண்ணீர்கூட எளிமையானதுதான். நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை. தேன் ஆகாது, புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். ஆனால் வெயில் காலத்தில் ஓரிரு நாளுக்கு ஒருமுறை குப்பியைக் கழுவியாக வேண்டும். படத்துக்காகக் குப்பி கட்டிவிட்டுக் கழுவச் சோம்புகிறவர்கள் அதைக் கட்டாமலே இருக்கலாம். கூட்டைப் படமெடுக்க மறைப்பாக இருக்கும் இலையை ஒடிக்கிறவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. சிலந்தி நூலால் தைத்து, பாசி ஒட்டி, அக்ரூட் கொட்டையளவில் தாய் தனியாகக் கட்டியது அது. குஞ்சு வளர வளர அந்த நூல் நெகிழ்ந்து கூடும் விரிந்துகொடுக்கும்.

மூன்றாம் நாள் மாலை எல்லாரும் முக்காலியை மடக்கிவிட்டார்கள். குப்பிகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை. இரவு முழுக்கப் பட்டினி. பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் துடிக்கும் இதயம் அதே வேகத்தில் ஓடினால் விடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். ஆகவே குளிர்ந்த இரவுகளில் இவை உடல் சூட்டைத் தணித்து, மூச்சையும் துடிப்பையும் அடக்கி, ஏறத்தாழ ஒரு சமாதியில் அமர்கின்றன. பெருவின் ஆண்டிஸ் மலைகளில் ஒரு சிட்டின் உடல் 3.3 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்ததை அளந்திருக்கிறார்கள். காலையில் அது தசைகளை நடுக்கியே சூடேற்றிக்கொண்டு பூத்தேடிக் கிளம்பியிருக்கும்.

இருட்டுவதற்குச் சற்று முன் ஒரு சிட்டு கம்பியில் வந்து உட்கார்ந்தது. இறகுகளைச் சிலிர்த்து உருண்டையானது. கழுத்து கறுப்பு. சிறகு அசையவில்லை. மூன்று நாளில் நான் எடுத்த 1,400 படங்களில் துல்லியமாக வந்தது அது ஒன்றுதான்.