பகலில் ஒரே தொப்பி, இரவில் புதுப்புது மகுடம்

தலைமேல் சூடியவை - தொடர் 9

1911 டிசம்பர் 7. டெல்லி வீதிகளின் இருமருங்கிலும் பெருங்கூட்டம். இங்கிலாந்திலிருந்து சக்கரவர்த்தி வந்திருக்கிறார். யானைமேல் அம்பாரியில் வருவார், தலையில் கிரீடம் ஜொலிக்கும் என்று விடிந்ததிலிருந்து காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் குதிரைகளில், ராணுவ உடுப்பும் வெயில் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள் கூட்டமாகக் கடந்துபோனார்கள். அதில் ஒருவர்தான் ஐந்தாம் ஜார்ஜ் என்பது பலருக்கும் தெரியவே இல்லை. நம் தாத்தா பாட்டி பத்திரப்படுத்தி வைத்த வெள்ளி ரூபாயில் கிரீடத்தோடு இருக்கும் அதே முகம். கிரீடம் இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் தர்பாரில் அந்தக் குறை தீர்ந்தது. பிரிட்டிஷ் மணிமுடி அந்த நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே டெல்லிக்கென்றே, 6,000க்கும் மேற்பட்ட வைரங்கள் பதித்து, புதுக் கிரீடம் ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். செலவு 60,000 பவுண்டு. அதைக் கட்டியது இந்தியக் கஜானா. கனம் தாங்காமல் தலை வலித்தது என்று மன்னர் அன்றே நாட்குறிப்பில் எழுதினார். தர்பார் முடிந்து லண்டன் கோபுரத்துக்குப் போன அந்தக் கிரீடத்தை அதன்பின் எந்த மன்னரும் சூடவில்லை. ஒரே ஒரு பகலுக்காக நாம் கொடுத்த விலை அது.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது மன்னரை அல்ல, அன்று அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த மேரி அரசியை. ஐரோப்பிய அரச குடும்பங்களில் தலையணி விஷயத்தில் இவருக்கு நிகராக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. பகலில் அவர் தலையில் இருந்த தொப்பியின் வடிவம் நாற்பது ஆண்டுகளாக மாறவே இல்லை. இரவில் அவர் சூடிய, கல் பதித்த சிறு மகுடங்களான டயாராக்களோ ஓர் உருவில் நிலைத்து நின்றதே அரிது.

பகல், இரவு என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொழுது சாயும்வரை தொப்பி, விருந்துக்கும் நடனத்துக்கும் டயாரா என்பது அந்த அரண்மனைகளின் பழக்கம். அதுவும் டயாரா மணமான பெண்களுக்கே உரியது. பல பெண்கள் அதை முதன்முதலாகச் சூடுவது திருமண நாளில்தான். வெளியார் யாரும் இல்லாத இரவுச் சாப்பாட்டுக்கும் ஜார்ஜ் பதக்கம் அணிந்து, மேரி டயாரா சூடித்தான் உட்காருவார்கள் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

முதலில் தொப்பி. டோக் என்று பெயர். விளிம்பு கிடையாது. சற்று உயரமாக, வாரி உயர்த்திய கூந்தலின் மேல் நிமிர்ந்து உட்காரும். முகத்தில் நிழல் விழாது. உயரத்தில் மன்னரும் அரசியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டோக் வைத்துக்கொண்டு நின்றால் அவர்தான் உயரமாகத் தெரிவார். 1920களில் பெண்கள் கூந்தலைக் கத்தரித்து, காதுவரை இழுத்துவிட்ட குல்லாய்த் தொப்பிக்கு மாறினார்கள். பாவாடையின் நீளம் முழங்கால்வரை ஏறியது. மேரி மட்டும் முதல் உலகப்போருக்கு முந்தைய தோற்றத்திலேயே இருந்தார்.

அவருக்குப் புதுமை பிடிக்காது என்று நினைத்தால் தவறு. மாறத்தான் விரும்பினார். தோழி ஏர்லி சீமாட்டி தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். பாவாடையைக் கொஞ்சம் குட்டையாக்கலாமா என்று இருவரும் யோசித்தார்களாம். மன்னர் என்ன சொல்வாரோ என்று, முதலில் சீமாட்டி குட்டையான உடுப்பில் போய் நின்றார். மன்னருக்குப் பிடிக்கவில்லை. அரசி அந்த எண்ணத்தையே கைவிட்டார். ஒரு பேரரசின் அரசி தன் உடுப்பின் நீளத்தைக்கூடத் தானாக முடிவுசெய்ய முடியாமல் இருந்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 1936 ஜனவரியில் ஜார்ஜ் இறந்தார். அதற்கு அப்புறமும் டோக் இறங்கவில்லை. அதற்குள் அது அவருடைய அடையாளமாகிவிட்டது. டெல்லியில் கணவரைக் கூட்டம் தவறவிட்டதே, அப்படி மேரியை எந்தக் கூட்டமும் தவறவிட்டிருக்காது. தூரத்தில் அந்தத் தொப்பி தெரிந்தால் போதும்.

பகலில் கணவர் விருப்பம் என்றால், இரவில் மேரியின் விருப்பம். நகைப்பெட்டியில் அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். 1867இல் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தவர்தான். ஆனால் தந்தை டெக் கோமகனுக்குப் பட்டம் இருந்ததே தவிர சொத்து இல்லை. தாயாருக்கோ கை ஓட்டை. கடன் கழுத்தை நெரிக்க, 1883இல் குடும்பமே இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போய்ச் சிக்கனமாக வாழ்ந்தது. அப்போது மேரிக்குப் பதினாறு வயது. நம் வீடுகளில் பாட்டியின் அட்டிகையை அழித்துப் பேத்திக்கு நெக்லஸ் செய்வார்களே, அந்த மனம்தான் மேரியுடையது. அவருக்குக் கல்தான் சொத்து, வடிவம் அந்தந்தக் காலத்துக்கு.

1893 ஜூலையில் திருமணம். பிரிட்டன், அயர்லாந்து முழுக்கப் பெண்கள் பணம் திரட்டி, காரர்ட் நிறுவனத்தில் ஒரு டயாரா வாங்கிப் பரிசளித்தார்கள். திருமணத்துக்கு இரு வாரம் முன்னால்தான் லெபனான் கடற்கரையருகே விக்டோரியா என்ற போர்க்கப்பல் மூழ்கி 358 பேர் இறந்திருந்தார்கள். திரட்டியதில் மிஞ்சிய தொகையை அந்த மாலுமிகளின் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொன்னார் மணப்பெண். அதே டயாராவின் உச்சியில் இருந்த முத்துகளை 1914இல் கழற்றிவிட்டு, 13 வைரங்களை வைத்தார். அடிப்பட்டையைத் தனியாகப் பிரித்து அணிந்தார். 1947இல் பேத்தி எலிசபெத்துக்குத் திருமணப் பரிசாக அதைக் கொடுத்தார். 1968 முதல் அச்சான பல பிரிட்டிஷ் நாணயங்களில் எலிசபெத் தலையில் இருப்பது இந்த டயாராதான்.

டயானாவின் படங்களில் நாம் பார்த்துப் பழகிய, வளைவுக்கொரு முத்து தொங்கும் காதல் முடிச்சு டயாராவும் மேரி செய்வித்ததே. பாட்டி ஹெஸ்ஸே அகஸ்டாவிடம் இருந்த ஒன்றைப் பார்த்து, கைவசம் இருந்த வைரங்களையும் முத்துகளையும் கொடுத்து, முதல் உலகப்போர் தொடங்கும் சமயத்தில் காரர்டில் செய்வித்தார். முதலில் உச்சியிலும் முத்துகள் நின்றன. பிறகு அவற்றையும் எடுத்துவிட்டார்.

அந்த ஹெஸ்ஸே அகஸ்டாவுக்கு 1818இல் ஜெர்மனியில் ஒரு லாட்டரியில் மரகதங்கள் விழுந்தன. குடும்பத்தில் கைமாறி, கடைசியில் மேரியின் தம்பி பிரான்சிஸிடம் வந்தன. மணமாகாத அவர் 1910இல் இறந்தபோது, அவற்றைத் தன் அன்புக்குரிய கில்மோரி சீமாட்டிக்கு எழுதிவைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஆண்டுதான் மேரி அரசியாகியிருந்தார். தம்பியின் உயில் முத்திரையிட்டு மூடப்பட்டது. மரகதங்கள் மேரியிடம் திரும்பின. மறு ஆண்டு டெல்லி தர்பாருக்காக அவர் செய்வித்த உயரமான டயாராவின் முகட்டில் அதே மரகதங்கள் நின்றன. இந்தியப் பெண்களின் சார்பில் பட்டியாலா மகாராணி அவருக்கு மரகத ஆபரணம் வழங்கியதும் அந்தப் பயணத்தில்தான். தர்பார் டயாராவும் அப்படியே இருந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே அதில் கல்லினன் வைரத்தின் இரண்டு பெரிய துண்டுகளைப் பொருத்த வழி செய்தார். பத்தாண்டுக்குள் மரகதங்களும் அதிலிருந்து இறங்கிவிட்டன.

அவை போய்ச் சேர்ந்த இடம் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு டயாரா.

ஒன்றோடொன்று பின்னிய 15 வைர வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு முத்து ஊசலாடும். 1870களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் போலின் நகைக்கடை மரியா பாவ்லோவ்னா கோமகளுக்காகச் செய்தது. இவர் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸின் சித்தி முறை. கணவர் பெயர் விளாடிமிர். 1917 புரட்சியின்போது மரியா காகசஸ் பக்கம் தங்கியிருந்தார். நகைகள் தலைநகர் அரண்மனையின் ரகசியப் பெட்டகத்தில். ஆல்பர்ட் ஸ்டாப்ஃபர்ட் என்ற ஆங்கிலேயர், மரியாவின் மகன் போரிஸின் உதவியோடு வேலையாள் வேடத்தில் உள்ளே போய், நகைகளை இரண்டு தோல் பைகளில் நிரப்பிக்கொண்டு லண்டனில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதே 1917இல், ஜார் குடும்பத்துக்குப் பிரிட்டன் முதலில் அடைக்கலம் தர முன்வந்து, பிறகு பின்வாங்கியது. பின்வாங்கச் சொன்னது ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனையே. ஜார் அவருக்குச் சொந்தச் சித்தி மகன். பார்த்தால் இரட்டையர் போலிருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜாரும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த வம்சத்தின் வைரங்களுக்கு லண்டனில் கிடைத்த இடம் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த டயாராவின் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணத்தை என்னால் ஒதுக்க முடிவதில்லை.

மரியா 1920இல் தப்பி வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சில் இறந்தார். டயாரா மகள் எலெனாவுக்கு வந்தது. கிரேக்க இளவரசரை மணந்து, அவரோடு நாடிழந்து இருந்தவர் எலெனா. வயிற்றுப்பாட்டுக்குப் பணம் வேண்டும். 1921இல் மேரி அரசியிடம் விற்றார். மேரி உறவுக்காரியின் கஷ்டத்தில் ஆதாயம் தேடினார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புரட்சிக்குப் பின் எத்தனையோ ரஷ்ய நகைகளை வியாபாரிகள் வாங்கி, கல் கல்லாகப் பிரித்து விற்றார்கள். எவை எங்கே போயின என்ற தடமே இல்லை. இது முழுதாக நிற்பது வாங்கிய கை மேரியுடையது என்பதால்தான். பழுதுபார்த்து, முத்துக்குப் பதில் தன் மரகதங்களையும் மாட்டிக்கொள்ளும்படி செய்வித்தார். முத்தோடு சூடலாம், மரகதத்தோடு சூடலாம், இரண்டும் இல்லாமல் வெறும் வளையங்களாகவும் சூடலாம். எலெனாவின் மகள் மரினா 1934இல் மேரியின் மகனையே மணந்து மருமகளாக வந்தார். பாட்டியின் டயாராவை மாமியார் தலையில் மரினா பார்த்திருப்பார்.

கல்யாண மாலையொன்றின் வைரங்களை 1919இல் பட்டை பட்டையான டயாராவாக மாற்றினார் மேரி. 1947 நவம்பர் 20 காலை, எலிசபெத் மணக்கோலம் பூணும்போது அதன் சட்டம் ஒடிந்துவிட்டது. போலீஸ் பாதுகாப்போடு பட்டறைக்கு ஓடி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். திருமணப் படங்களை உற்றுப் பாருங்கள். நடுப்பட்டைக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி தெரியும்.

1953 மார்ச் 24 அன்று மேரி இறந்தார். பேத்தியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்து வாரம் இருந்தது. தான் இறந்தாலும் விழாவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்.

ரஷ்ய வளையங்கள் எலிசபெத்திடம் வந்தன. பாட்டிக்கு நேர்மாறானவர் எலிசபெத். ஒவ்வொரு பயணத்துக்கும் புதுத் தொப்பி. டயாராக்களை மட்டும் பெரும்பாலும் வந்தபடியே வைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றை அழித்தார். ஹைதராபாத் நிஜாம் 1947இல் திருமணப் பரிசாகத் தந்த கார்ட்டியே டயாரா அது. 1973இல் அதைப் பிரித்து, பர்மா மக்கள் தந்த 96 மாணிக்கங்களோடு சேர்த்துப் புது டயாரா செய்வித்தார். பழையதில் மிஞ்சியவை, கழற்றி ப்ரூச்சாகக் குத்திக்கொள்ளும் மூன்று வைர ரோஜாக்கள். மேரி எத்தனையோ அழித்திருக்கிறார், அதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை. அவை பெரும்பாலும் அவரே செய்வித்தவை, அல்லது அவர் குடும்பத்துக் கற்கள். பரிசு கொடுத்த நிஜாம் இறந்து ஆறே ஆண்டில் இது கலைக்கப்பட்டதை ஏற்க மனம் வரவில்லை.

லண்டன் கார்ட்டியே கடையில் என்ன வேண்டுமோ அதை இளவரசியே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார் நிஜாம். அந்தத் தேர்வில் டயாராவோடு வந்த நெக்லஸ் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)