பல பெட்டிகளிலிருந்து ஒரு கார்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உள்ளன. நீரற்றுக் காய்ந்த அவற்றின் தரை, பலகைபோல் சமமாக இறுகிக் கிடக்கும். 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், பொருள்வளம் மிகுதியில்லாத இளைஞர் பலர் பழைய ஃபோர்டு கார்களை அங்குக் கொண்டுசென்று விரைவாக ஓட்டிப் பார்த்தனர். சுமையைக் குறைக்க மட்கார்டுகளைக் கழற்றினர். ஒரு காரின் மேற்கூட்டை மற்றொரு காரின் அடிச்சட்டத்தில் ஏற்றினர். ஆற்றல் மிக்க எஞ்சினைத் தேடிப் பொருத்தினர். இவ்வாறு உருவான கார்களே 'ஹாட் ராட்' எனப் பெயர் பெற்றன.

எட்டுச் சிலிண்டர்களை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் அமைத்த எஞ்சினை, ஃபோர்டு நிறுவனம் 1932இல் விலை குறைந்த காரில் வைத்து விற்றது. அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். அக்காரின் உறுதியான அடிச்சட்டத்தின்மேல், அதற்கு முந்திய 'மாடல் ஏ' காரின் இலேசான மேற்கூட்டை வைப்பது பலரும் விரும்பிய முறையாயிற்று.

இத்தகைய கார்களைச் சிறு வடிவில் செய்து மகிழ்வோர் இன்றும் பலர் உளர். கடையில் விற்கும் பெட்டியில், கொம்பில் காய்கள் தொங்குவனபோல, பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறுப்புகள் இணைந்திருக்கும். ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம், ஒரே பெட்டியிலிருந்து மூவகைக் கார்களுள் ஒன்றைச் செய்யும் முறையை 1958இல் கொண்டுவந்தது. ஒன்றைச் செய்து முடித்தால் மற்றவற்றுக்குரிய உறுப்புகள் எஞ்சுமல்லவா? அவையே அடுத்த காருக்கு முதலாயின. பல பெட்டிகளைக் கலந்து ஒரு கார் செய்வது பெட்டியைக் கெடுப்பதாகும் என்று கருதுவோர் உண்டு. ஹாட் ராட் பிறந்த வழியே அதுவன்றோ!

ஆயினும், கலப்பதற்குமுன் அளவை நோக்குதல் வேண்டும். சில பெட்டிகள் உண்மைக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. சில இருபத்துநான்கில் ஒரு பங்கு. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றும். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். முதல் அளவில் இது சுமார் 107.7 மில்லிமீட்டர்; இரண்டாம் அளவில் சுமார் 112.2. நாலரை மில்லிமீட்டர் தவறினால் சக்கரம் அதற்குரிய வளைவினுள் நில்லாது. எனவே மேற்கூடும் அடிச்சட்டமும் ஒரே அளவினவாதல் வேண்டும். எஞ்சினும் டயரும் சற்று மாறினும் கண்ணுக்குப் புலப்படா.

இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் இன்னொரு வசதியும் உண்டு. உண்மைக் காரின் ஓர் அங்குலம் அதில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகும். 'மாடல் ஏ' காரில் அச்சுகளின் இடைவெளி 103.5 அங்குலம்; ஆகவே 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்மேல் அதன் கூட்டை வைப்பவர் இரண்டரை மில்லிமீட்டருக்கு வழி தேடவேண்டும் என்பது கணக்கிடாமலே விளங்கும்.

முதலில் உறுப்புகளை ஒட்டாமல், ஒட்டுத்தாளால் இணைத்துப் பார்க்கவேண்டும். எஞ்சின் பானெட்டுக்குள் அடங்குகிறதா, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று நான்கு பக்கமும் நோக்கவேண்டும். இதில் பொறுமை இழத்தல் தகாது. ஏனெனில், பிளாஸ்டிக்குக்குரிய பசை இரு பரப்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் பழுதின்றிப் பிரித்தல் அரிது. வெள்ளிபோல் மின்னும் உறுப்புகளில், ஒட்டுமிடத்துப் பூச்சைச் சுரண்டி நீக்கினாலன்றிப் பசை பற்றாது.

கூரையைத் தாழ்த்துவதே கடினமான வேலை. மூன்று அங்குலம் தாழ்த்த, சன்னல் தூண்களில் மூன்று மில்லிமீட்டர் வெட்டவேண்டும். 'மாடல் ஏ' காரின் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் கூரை நேரே இறங்கிப் பொருந்தும். 1949ஆம் ஆண்டு மெர்க்குரி போன்ற காரில் தூண்கள் சாய்ந்திருப்பதால், வெட்டிய நுனிகள் ஒன்றையொன்று சந்திக்கமாட்டா. கூரையையும் பிளந்து நீட்டவேண்டும். இணைப்பில் பட்டியிட்டு உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் நிற முதற்பூச்சு அடிப்பர். கைக்குத் தட்டுப்படாத மேடுபள்ளமும் அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோடு தெரியுமாயின் மீண்டும் பட்டியிட்டுத் தேய்க்கவேண்டும்; வண்ணப்பூச்சு அதன் பின்னரே.