தீ மூட்டியவருக்கு என்ன தெரிந்திருந்தது?

கச்சான் காற்று வீசும் மாதம். திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பழைய வலைத்துண்டுகளைக் குவித்துக் கொளுத்துகிறார். பொறி பறந்து அயலவரின் வாடி எரிந்துபோகிறது. உள்ளே இயந்திரமும் புது வலையும். கற்பனைச் சம்பவம்தான், ஆனால் இவ்வூரில் நடக்காது என்று எவரும் சொல்லமாட்டார். இது தீவைப்பா, கவனயீனமா?

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்தின் கடுமையான வடிவமாகவே தீவைப்பைக் கொள்கிறது. 408ஆம் பிரிவின்படி நட்டம் விளைவிக்கும் எண்ணம் இருக்கவேண்டும். இல்லையேல், நட்டம் நேரக்கூடும் என்ற அறிவாவது இருக்கவேண்டும். வழிபாட்டிடம், வீடு, பொருள் வைக்கும் கட்டடம் ஆகியவற்றை எரிப்பது 419ஆம் பிரிவில் வருகிறது. அங்கும் இதே அளவுகோல்தான். 'பொறுப்பற்ற துணிச்சல்' என்று தனியாக ஒரு படி இல்லை. அறிவு நிரூபிக்கப்படாவிட்டால், உயிருக்கு ஆபத்து வரும்படி நெருப்பைக் கையாண்ட கவனயீனம் என்ற சிறிய குற்றச்சாட்டே மிஞ்சும்.

மனதுக்குள் இருந்ததை நீதிமன்றம் எப்படி அறியும்? சூழ்நிலையிலிருந்துதான். காற்றின் திசை, வாடிக்கு இருந்த தூரம், பெற்றோல் ஊற்றப்பட்டதா, “தள்ளி வைத்துக் கொளுத்து” என்று யாராவது சொன்னார்களா என்பதெல்லாம் சாட்சியமாகும்.

இங்கிலாந்து இதில் தடுமாறியது. சாதாரண மனிதருக்குத் தெளிவாகத் தெரியக்கூடிய ஆபத்தைக் குற்றவாளி நினைத்தே பார்க்காவிட்டாலும் போதும் என்றது 1981இன் கால்ட்வெல் தீர்ப்பு. 2000இல் 11, 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு கடையின் பின்புறம் பத்திரிகைத்தாள்களைக் கொளுத்த, சேதம் சுமார் 10 இலட்சம் பவுணைத் தொட்டது. அந்த வழக்கில்தான் 2003இல் பிரபுக்கள் சபை கால்ட்வெல்லைக் கைவிட்டது: ஆபத்தைக் குற்றம் சாட்டப்பட்டவரே உணர்ந்திருக்கவேண்டும், அதை ஏற்றது நியாயமற்றதாகவும் இருக்கவேண்டும். இலங்கையிலோ 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்தவர்மீது குற்றமே சுமத்தமுடியாது.

எனினும் இங்கிலாந்தின் இந்தப் புதிய அளவுகோலும் இலங்கையின் அளவுகோலும் ஒன்றல்ல. அங்கே ஆபத்து உண்டென்ற உணர்வு போதும். இங்கே சேதம் நேரக்கூடும் என்ற அறிவு வேண்டும். நம்முடையதே கண்டிப்பான அளவுகோல் என்பது என் கருத்து. ஆனால் தானாகக் குடித்தவருக்கு அதில் சலுகை இல்லை: தெளிவாக இருந்திருந்தால் என்ன தெரிந்திருக்குமோ, அதுவே அவருக்குத் தெரிந்ததாக 79ஆம் பிரிவு கொள்ளும்.

ஆகவே வாடியை இழந்தவர் பொலிசில் முறைப்பாடு எழுதும்போது நட்டத் தொகையோடு நிறுத்தவேண்டாம். அன்றைய காற்று, தூரம், எச்சரித்தவர் பெயர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.