மஞ்சள் காய்ச்சலும் அயல்நாட்டுப் பிரயாணிகளும்

தொழில், வாணிபம், கல்விப் பணி முதலியவற்றின் பொருட்டு நம் நாட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் செல்வோர் பலர். எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றி வந்துள்ளனர். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் சேர்ந்து இந்திய வீரர்கள் காங்கோவுக்குச் சென்றுள்ளனர். நைஜீரியா, கென்யா, உகாண்டா, கானா ஆகிய நாடுகளில் வணிகம் செய்வோரும் பொறியியல் வல்லுநரும் உள்ளனர். இவர்களுள் பலர் புறப்படுமுன் எழுப்பும் வினா ஒன்றுண்டு: "நமது நாடும் வெப்ப நாடுதானே? கொசுவும் காய்ச்சலும் நமக்குப் புதியனவா? தடுப்பு ஊசியும் அத்தாட்சிப் பத்திரமும் எதற்கு?"

இவ்வினா நியாயமானதே. இதற்குத் தக்க விடை கூற வேண்டிய பொறுப்பு களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு. வெப்ப நாடுகள் யாவும் வெப்பத்தில் ஒத்திருப்பினும் நோய்களில் ஒத்திருப்பதில்லை. இதற்கு மிகச் சிறந்த சான்று மஞ்சள் காய்ச்சலாகும்.

நோயின் இயல்பு

மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸினால் உண்டாவது. ஆப்பிரிக்காவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலுமாகச் சுமார் 40 நாடுகளில் இது நிலைகொண்டுள்ளது. அந்நாடுகளின் காடுகளில் வாழும் குரங்குகளிடையே இவ்வைரஸ் காட்டுக் கொசுக்களின் மூலம் பரவி வருகிறது. காட்டுக்குச் செல்லும் மனிதன் அக்கொசுக்களால் கடிக்கப்பட்டு நோயுற்று நகருக்குத் திரும்பினால், அங்கே ஈடிஸ் ஈஜிப்டி என்னும் வீட்டுக் கொசு அவனிடமிருந்து நோயைப் பெற்று மற்றவர்க்குப் பரப்புகிறது. பெருங்கொள்ளை நோயாக இது மூள்வது இவ்வாறே.

கொசு கடித்த 3 முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, தசைவலி, வாந்தி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் சில நாட்களில் குணமடைவர். ஆனால் நோயுற்றோரில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைவருக்கு, காய்ச்சல் தணிந்தது போல் தோன்றிய பின் நோய் மீண்டும் கடுமையாகத் திரும்பும். கல்லீரலும் சிறுநீரகங்களும் தாக்கப்படும். கண்ணும் தோலும் மஞ்சள் நிறமாகும். வாயிலும் மூக்கிலும் இரைப்பையிலும் இரத்தம் கசியும். இந்நிலையை எய்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 7 முதல் 10 நாட்களுக்குள் இறக்கின்றனர். இந்த வைரஸை அழித்து நோயைத் தீர்க்கும் தனி மருந்து இன்றளவும் இல்லை. ஆகவே வருமுன் காத்தலே வழி.

நோயின் வழியைக் கண்டறிந்த வரலாறு

நோயாளியின் துணி, படுக்கை ஆகியவற்றால் இந்நோய் தொற்றுகிறது என்றே முன்னர் கருதப்பட்டது. இதைப் பரப்புவது கொசுவே என்னும் கருத்தை 1881-ஆம் ஆண்டில் கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே வெளியிட்டார். பல ஆண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1900-ஆம் ஆண்டில் வால்ட்டர் ரீட் தலைமையில் கியூபாவுக்குச் சென்ற அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு அதைச் சோதனையால் மெய்ப்பித்தது. நோயாளிகளின் அழுக்குப் படுக்கைகளில் பல இரவுகள் உறங்கிய தொண்டர்களுக்கு நோய் வரவில்லை; நோயுற்ற கொசுக்களால் கடிக்கப்பட்ட தொண்டர்களுக்கு வந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாஸியர் என்னும் மருத்துவர் கொசுக்கடியால் இந்நோய்க்கு ஆளாகி அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் உயிர் நீத்தார். இவ்வுண்மை விளங்கிய பின், நீர்த் தொட்டிகளை மூடியும் கொசுப் புழுக்களை அழித்தும் ஹவானா நகரம் நோயினின்று விடுவிக்கப்பட்டது. பனாமாக் கால்வாய் வேலை நிறைவேறியதும் இம்முறையினாலேயே.

1927-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து இவ்வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. மாக்ஸ் தைலர் என்பவரும் அவருடைய துணைவரும் அவ்வைரஸை எலி, கோழி ஆகியவற்றின் கருத் திசுக்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமை நீங்கிய ஒரு வகையைப் பெற்றனர். உடலில் செலுத்தப்பட்டால் நோயைத் தராமல் எதிர்ப்பாற்றலை மட்டும் தரும் அவ்வகை 1937-ஆம் ஆண்டு முதல் தடுப்பு மருந்தாகப் பயன்பட்டு வருகிறது. இதன் பொருட்டுத் தைலருக்கு 1951-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இந்தியாவில் இத்தடுப்பு மருந்து கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் தயாரிக்கப்படுகிறது.

நமக்குள்ள அபாயம்

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் ஒருபோதும் நிலைகொண்டதில்லை. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எனினும் எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. ஆனால் நோயைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி கொசு நம் நகரங்களிலும் கிராமங்களிலும் நிறைந்துள்ளது. நம்மிடையே டெங்குக் காய்ச்சலையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இக்கொசுவே. நோயை ஏற்கும் மக்கள் உள்ளனர். பரப்பும் கொசு உள்ளது. இல்லாதது வைரஸ் ஒன்றுதான். ஈரமற்ற விறகுக் குவியல் அருகே இருக்கிறது, தீப்பொறி மட்டும் இல்லை என்பது போன்றது நமது நிலை. அப்பொறி ஒரு பிரயாணியின் இரத்தத்தில் வந்து சேரக்கூடும்.

கப்பற் பிரயாணம் வாரக்கணக்கில் நீண்ட காலத்தில், நோயுற்றவன் கரை சேருமுன்பே நோய் வெளிப்பட்டுவிடும். இன்று ஆப்பிரிக்காவில் காலையில் விமானம் ஏறுபவர் மறுநாளைக்குள் இந்தியாவில் இறங்கிவிடுகிறார். நோய் உள்ளே ஒளிந்திருக்க, பார்வைக்கு நலமுள்ளவராகவே அவர் வீடு சேரலாம்.

இது வெறும் கற்பனை அன்று. அங்கோலா நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளை நோயின் போது, அங்கு வேலை செய்து திரும்பிய தொழிலாளர் 11 பேருக்கு 2016-ஆம் ஆண்டில் சீனாவில் இந்நோய் கண்டது. ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் பதிவானது அதுவே முதன்முறை. நல்வேளையாக அவர்களிடமிருந்து பிறருக்கு நோய் பரவவில்லை.

ஆறு நாள் கணக்கு

நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் செல்லத்தக்க அத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று நம் அரசு விதித்திருப்பது இதனாலேயே. அது இல்லாதவர், அந்நாட்டை விட்டுப் புறப்பட்டு 6 நாட்கள் நிறைவுறும் வரை விமான நிலையத்தையோ துறைமுகத்தையோ சார்ந்த தனிமை விடுதியில் வைக்கப்படுகிறார். பலர் இதைத் தண்டனையாகக் கருதிச் சினங்கொள்கின்றனர். இதன் கணக்கை அவர்களுக்கு விளக்குதல் வேண்டும். நோய் அரும்பும் காலம் மிகுதியாக 6 நாட்கள். கடைசி நாளில் கொசு கடித்திருந்தாலும் அதற்குள் காய்ச்சல் வெளிப்பட்டுவிடும். காய்ச்சல் காணாதவரை அதன் பின் அச்சமின்றி வீட்டுக்கு அனுப்பலாம். தனிமை விடுதி கொசு புகாத வலையடித்த இடமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நேரே தாவுவதில்லை; இடையே கொசு வேண்டும்.

அத்தாட்சிப் பத்திரத்தைப் பற்றி அறிய வேண்டியவை பின்வருவன:

முதலாவது, ஊசி போட்டுக்கொண்ட நாளிலிருந்து 10 நாட்கள் கழிந்த பின்னரே பத்திரம் செல்லத்தக்கதாகும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு காலம் வேண்டும். ஜூன் 1-ஆம் தேதி ஊசி போட்டவரின் பத்திரம் ஜூன் 11-ஆம் தேதி முதலே செல்லும். புறப்படுவதற்கு முந்திய நாள் ஊசிக்கு ஓடுவதில் பயனில்லை.

இரண்டாவது, முன்னர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊசியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூலை 11 முதல் ஒருமுறை பெற்ற பத்திரம் ஆயுள் முழுவதும் செல்லும் எனச் சர்வதேச சுகாதார விதிகள் திருத்தப்பட்டுள்ளன. ஆகவே பழைய பத்திரத்தைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, அரசின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் போடப்பட்டு, முத்திரையும் கையொப்பமும் பெற்றால்தான் பத்திரம் ஏற்கப்படும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகையவற்றுள் ஒன்று. ஒரு குப்பியில் பலருக்குரிய மருந்து உள்ளது. அதைக் கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆதலின் நிலையங்கள் குறித்த நாட்களில் மட்டுமே ஊசி போடுவதுண்டு. முன்னரே விசாரித்துப் பதிவு செய்துகொள்வது நலம்.

நான்காவது, பணம் கொடுத்துப் பொய்ப் பத்திரம் பெறுவோரும் உளர். பொய்ப் பத்திரம் அதிகாரியின் கண்ணை மறைக்கலாம். கொசுவின் கடியைத் தடுக்காது. இத்தகையவர் தம் உயிரை மட்டுமன்றித் தம் வீட்டார், அண்டை அயலார் ஆகியோர் உயிரையும் பணயம் வைக்கிறார் என்பதை எடுத்துரைக்க வேண்டும்.

இத்தடுப்பு மருந்தில் உயிருள்ள, வலிமை குன்றிய வைரஸ் இருப்பதால் எல்லோருக்கும் இது ஏற்றதன்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தோர்க்கும், முட்டை உடலுக்கு ஒவ்வாதோர்க்கும் இதைப் போடலாகாது. கருவுற்ற பெண்டிரும் 60 வயதைத் தாண்டியோரும் மருத்துவரின் ஆலோசனை பெற்றே முடிவு செய்தல் வேண்டும். ஊசி போட முடியாதவர்க்கு மருத்துவர் விலக்குச் சான்று தரலாம். எனினும் அவர் நோயுள்ள பகுதிக்குச் செல்லாமல் இருப்பதே சிறந்தது.

ஏனைய முன்னெச்சரிக்கைகள்

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒன்றே போதுமெனக் கருதுவது தவறு. உலகின் மலேரியாவில் மிகப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் உள்ளது. அங்கே மிகுந்திருப்பது மூளையையும் தாக்கவல்ல பால்சிபாரம் வகையாகும். சிறு வயதில் நம் ஊரில் மலேரியா கண்டவர் என்பதால் அங்கே ஒருவர் காக்கப்பட்டவர் ஆகிவிடார். மருத்துவர் எழுதித்தரும் தடுப்பு மாத்திரைகளைப் புறப்படுமுன் தொடங்கித் திரும்பிய பின்னும் விதித்த காலம் வரை விடாது உட்கொள்ள வேண்டும். டாக்சிசைக்ளினைத் திரும்பிய பின் 4 வாரங்கள் தொடர்வது விதி. ஊர் திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவோரே பலர். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது. ஈடிஸ் பகலில் கடிப்பது. ஆகையால் இரவில் மருந்தேற்றிய கொசுவலையும், பகலில் முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் தேவை.

உணவாலும் நீராலும் வரும் டைபாய்டு, மஞ்சட் காமாலை ஆகியவற்றுக்குத் தடுப்பூசிகள் உண்டு. ஆயினும் கொதித்த நீரும் சூடான உணவுமே முதற்காப்பு. செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீண்டு கிடக்கும் பகுதியில், டிசம்பர் முதல் ஜூன் வரையான வறண்ட பருவத்தில் மூளையுறைக் காய்ச்சல் பரவுவதால் அதற்கும் ஊசி வேண்டும். போலியோ நோய் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் குறைந்தது 4 வாரங்களுக்கு முன் போலியோ சொட்டு மருந்து பெறும்படி 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டில் விதிக்கப்பட்டது. அந்நாடுகளின் பட்டியல் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் விசாரித்தல் அவசியம்.

நம் நாட்டினர் பலர் அறியாத நோய் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆப்பிரிக்க ஏரிகளிலும் ஓடைகளிலும் சிலவகை நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள், நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலினுள் புகுகின்றன. பில்ஹார்சியா எனப்படும் இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. நம் ஊர்க் குளத்தில் இறங்கி நீராடுவது போல் அங்கே செய்யலாகாது. விக்டோரியா ஏரியும் மலாவி ஏரியும் இதற்கு விலக்கல்ல.

பழைய பிரயாணப் புத்தகங்களில் அம்மை, காலரா ஆகியவற்றுக்கான பக்கங்களைக் காணலாம். பெரியம்மை ஒழிந்துவிட்டதென 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. காலரா ஊசி நோய் நாடு விட்டு நாடு செல்வதைத் தடுக்காதெனத் தெளிந்து, அதற்கான சர்வதேசக் கட்டாயம் 1973-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சலுக்கான பக்கம் மட்டும் நீங்காதிருப்பது அதன் அபாயம் நீங்காதிருப்பதனால்தான்.

களப்பணியாளர் ஆற்ற வேண்டியவை

வெளிநாடு செல்லவிருப்போர் 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுமாறு கூறுக. சில ஊசிகள் ஒன்றுக்கு மேற்பட்ட தவணைகளில் போடப்படுபவை. உயிருள்ள தடுப்பு மருந்துகள் இரண்டை ஊசியாகப் பெற வேண்டுமாயின் ஒரே நாளில் பெறுதல் வேண்டும். அன்றேல் 4 வார இடைவெளி வேண்டும்.

திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், "எந்த நாட்டிலிருந்து, எப்போது வந்தீர்கள்?" என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். வெளிநாட்டு மலேரியா திரும்பிய பல வாரங்களுக்குப் பின்னும் தோன்றக்கூடும். இவ்வொரு கேள்வி கேட்கப்படாமையால் சாதாரணக் காய்ச்சலெனக் கருதப்பட்டு உயிர் இழக்க நேரிடலாம். வந்து சில நாட்களுக்குள் காய்ச்சலும் காமாலையும் ஒருசேரக் கண்டால் நோயாளியைக் கொசுவலைக்குள் கிடத்தி, உடனே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இறுதியாக, விமான நிலையத்தில் காவல் எத்துணைச் சிறந்திருப்பினும் அது முதல் வேலியே. இரண்டாம் வேலி நம் வீட்டு முற்றத்தில் உள்ளது. ஈடிஸ் கொசு தொட்டியிலும் குடத்திலும் எறிந்த டயரிலும் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் அழியாதிருக்கும். நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை நீர்க்கலங்களைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலரவைத்தால் கொசு தலையெடாது. பள்ளி மாணவர் இதை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தத்தம் வீட்டுக் கலங்களைச் சோதித்துக் குறிப்பெழுதி வருமாறு ஆசிரியர் பணிக்கலாம். இன்று டெங்குவைக் குறைக்கும் இச்செயலே, நாளை ஒரு பிரயாணியுடன் மஞ்சள் காய்ச்சல் வந்தாலும் அது நம் தெருவில் பரவாமல் காக்கும்.