ஜெர்மானிய வீட்டு வாடகையும் வருஷக் கணக்கும்

ஜெர்மனியின் நகரங்களில் வாடகைக்கு வீடு தேடுகிறவர், விளம்பரங்களில் ஒரே வீட்டுக்கு இரண்டு தொகைகள் குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு முதலில் சற்றுத் திகைப்பது இயல்பே. 'கால்ட்மீட்டே' எனப்படும் முதல் தொகை நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் மட்டும் உரிய வாடகை. 'வார்ம்மீட்டே' எனப்படும் இரண்டாவது தொகை, கணப்பு, வெந்நீர், குடிநீர், கழிவுநீர், குப்பை, மாடிப்படி விளக்கு முதலியவற்றுக்கான 'நேபன்கோஸ்டன்' என்ற துணைச் செலவுகளையும் அதனோடு சேர்த்தது. படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் அங்கே போய்ச் சேரும் நம் இளைஞர்களில் அநேகர், இந்த இரண்டாவது தொகையை மாதாமாதம் தவறாமல் கட்டிவிட்டால் வீட்டுக்காரரோடு தமக்குள்ள பணவிவகாரம் அத்தோடு தீர்ந்ததென்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷத்தின் கடைசியில், சில சமயம் அந்த வீட்டையே காலி செய்து வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, இன்னும் முந்நூறு நானூறு யூரோ தர வேண்டுமென்று ஒரு கடிதம் வந்து நிற்கும்போதுதான் விஷயம் விளங்குகிறது.

மாதந்தோறும் துணைச் செலவுக்கென்று கொடுப்பது, பெரும்பாலான ஒப்பந்தங்களில், விலையன்று. பின்னால் வரப்போகும் கணக்குக்கு முன்கூட்டிச் செலுத்தும் உத்தேசத் தொகை. மாதம் 150 யூரோ வீதம் ஒருவர் வருஷத்தில் 1,800 யூரோ கட்டியிருக்க, அவர் பங்குக்கு வந்த உண்மைச் செலவு 2,150 யூரோவாக இருந்தால் மீதி 350 யூரோவை அவர் தர வேண்டும். செலவு 1,600 யூரோவாக இருந்தால் 200 யூரோ அவருக்குத் திரும்பி வர வேண்டும். ஒப்பந்தத்தில் 'ஃபோராவுஸ்ஸாலுங்' என்றிருந்தால் இந்த ஏற்பாடுதான். 'பவுஷாலே' என்றிருந்தால் அது கட்டுத்தொகை. அதற்குப் பின்கணக்கு இல்லை, மாணவர் விடுதிகள் பலவற்றில் இருப்பது போல. கையொப்பமிடுவதற்கு முன் இவற்றில் எது எழுதியிருக்கிறதென்று பார்த்துக்கொள்வதற்கு ஜெர்மன் பாஷையில் பாண்டித்தியம் ஒன்றும் வேண்டியதில்லை. விளம்பரத்தில் உத்தேசத் தொகையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி வீட்டை மலிவானதாகத் தோன்றச் செய்யும் சாமர்த்தியசாலிகளும் உண்டாகையால், சென்ற வருஷத்துக் கணக்கில் அந்த வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று முன்னிருந்தவரிடமோ வீட்டுக்காரரிடமோ கேட்டுவிடுவது உத்தமம்.

எந்தெந்தச் செலவைக் குடியிருப்பவர் தலையில் வைக்கலாம் என்பதை வீட்டுக்காரர் தம் இஷ்டப்படி நிர்ணயித்துவிட முடியாது. 2004 ஜனவரி முதல் அமலில் உள்ள ஒரு விதித்தொகுப்பு பதினேழு இனங்களை வரையறுத்திருக்கிறது. நிலவரி, கட்டட இன்ஷூரன்ஸ், மின்தூக்கி, தெருவைச் சுத்தம் செய்தல், தோட்டப் பராமரிப்பு, கட்டடக் காவலாளின் சம்பளம், அந்நாட்டில் இன்றும் சட்டப்படி வந்து சோதித்துப் போகும் புகைபோக்கித் துப்புரவாளரின் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்காரரின் சொத்துக்கு அவர் செலுத்தும் நிலவரியைக் குடியிருப்பவர் ஏன் சுமக்க வேண்டுமென்ற கேள்வி அங்கேயும் எழாமலில்லை. ஆயினும் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவும், நிர்வாகச் செலவும், வங்கிக் கட்டணமும் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் இந்தக் கணக்கில் ஏறக் கூடாது. காவலாள் கதவுப் பூட்டைப் பழுதுபார்ப்பதிலும் கடிதப் போக்குவரத்திலும் தம் நேரத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டால், அந்தப் பகுதிக்குரிய சம்பளத்தைக் கழித்துவிட்டே மிச்சத்தைப் பங்கிட வேண்டும் என்பது வரை நியாயம் நுணுக்கமாகப் போகிறது. கணக்கில் பிழை நேரும் இடங்களுள் இது முக்கியமானது.

துணைச் செலவில் சாதாரணமாகப் பெரிய பங்கு கணப்பினுடையது. 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறி ஐரோப்பாவைக் கலங்க வைத்ததன் விளைவாக, அன்றைய மேற்கு ஜெர்மனியில் 1981இல் ஒரு விதி பிறந்தது. கட்டடம் முழுமைக்கும் ஒரே கொதிகலனிலிருந்து வெப்பம் செல்லும் இடங்களில், அதன் செலவில் குறைந்தது 50 சதவிகிதத்தையும் அதிகபட்சம் 70 சதவிகிதத்தையும் அவரவர் உபயோகத்துக்கு ஏற்பவும், எஞ்சியதை வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பவும் பங்கிட வேண்டும் என்பது அது. உபயோகத்தை அளவிடாமல் பரப்பளவை மட்டும் வைத்துப் பங்கிட்டால், தம் பங்கில் 15 சதவிகிதத்தைக் குறைத்துக்கொள்ளக் குடியிருப்பவருக்கு உரிமையுண்டு.

அந்த உபயோகத்தை அளக்கும் கருவியை அறைக்குள்ளேயே காணலாம். சுவரோரம் இருக்கும் இரும்பு ரேடியேட்டரின் நடுப்பாகத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன் சின்னஞ்சிறு திரையில் எண்கள் மாறி மாறி வரும். பழைய கட்டடங்களில் இதற்குப் பதிலாக, திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்று சூட்டில் மெல்ல ஆவியாகிக் கொண்டிருந்தது. இன்றைய மின்னணுப் பெட்டி, ரேடியேட்டரின் சூட்டுக்கும் அறைக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே போகிறது. ஆனால் அது காட்டும் எண் நம் வீட்டு மின்சார மீட்டரின் யூனிட்டைப் போன்றதன்று. ஒரு யூனிட்டுக்கு இன்ன விலை என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. கட்டடத்திலுள்ள எல்லாப் பெட்டிகளின் எண்களையும், ஒவ்வொரு ரேடியேட்டரின் அளவுக்கும் உரிய காரணியால் பெருக்கிக் கூட்டி, மொத்தச் செலவில் அவரவர் விகிதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே தாம் சென்ற வருஷம் போலவே சிக்கனமாக இருந்தும், அண்டை வீட்டார் தம்மைவிடச் சிக்கனமாகிவிட்டால், ஒருவருடைய பங்கு உயர்ந்துவிடலாம். நடு மாடியில் இருப்பவர் மேலும் கீழும் இருப்போரின் சூட்டில் ஓரளவு குளிர் காய்கிறார். கூரைக்கு அடியில் வசிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சிக்கனம் பிடித்துக் கணப்பை அடியோடு மூடிவிடுகிறவர்களுக்கு, சுவரில் பூஞ்சை பிடித்தபின் அதற்கான வழக்கு வேறு காத்திருக்கிறது.

குளிர்காலத்தில் மட்டும் தங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. வருஷத்தின் நடுவில் குடி மாறினால், உபயோகப் பகுதியை அன்றைய அளவின்படி பிரிக்கிறார்கள். பரப்பளவுக்குரிய நிலையான பகுதியை நாட்கணக்கிலும் பிரிக்கலாம், மாதங்களின் குளிரை ஆயிரம் பங்காக வகுத்த ஓர் அட்டவணைப்படியும் பிரிக்கலாம். அந்த அட்டவணையில் ஜனவரிக்கு 170, பிப்ரவரிக்கு 150, மார்ச்சுக்கு 130, அக்டோபருக்கு 80, நவம்பருக்கு 120, டிசம்பருக்கு 160. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் சேர்ந்து வெறும் 40. அக்டோபரில் பல்கலைக்கழகம் தொடங்கும்போது வந்து மார்ச்சு முடிவில் புறப்படும் மாணவர், பாதி வருஷமே தங்கியும், ஆயிரத்தில் 810 பங்கைச் சுமக்கிறார். நிலையான பகுதி வருஷத்துக்கு 400 யூரோவாயின் அவருக்கு 324 யூரோ. கோடைப் பாதியில் இருந்தவருக்கு 76 யூரோதான். குளிர்கால மாணவரோ ஆறு மாதத்துக்குரிய சமமான தவணைகளைத்தான் கட்டியிருக்கிறார்; ஆகவே பாக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கணக்காண்டு ஜனவரியில் தொடங்குமானால், அவர் வாசம் இரண்டு வருஷக் கணக்குகளில் விழுந்து, இரண்டு கடிதங்கள் வரும். இதில் அநியாயம் இல்லையென்றே எனக்குத் தோன்றுகிறது. குளிரில் இருந்தவர் குளிருக்குரியதைத் தருகிறார். அநியாயம் என்பது, இதை வருகிறவருக்கு முன்னதாக ஒருவரும் சொல்லாததுதான்.

அண்மையில் இரண்டு மாறுதல்கள் குடியிருப்பவருக்கு அனுகூலமாக வந்திருக்கின்றன. எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றின் மீதான கரிவரியை 2023 முதல் வீட்டுக்காரரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வெப்பம் தங்காத மோசமான கட்டடமாயின் அவர் பங்கு 95 சதவிகிதம் வரை போகும். கேபிள் டெலிவிஷன் சந்தாவை, பார்க்கிறவர் பார்க்காதவர் எல்லார் கணக்கிலும் சேர்க்கும் வழக்கம் 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. பழைய வழக்கப்படியே யாராவது அதை எழுதியிருந்தால் ஆட்சேபிக்கலாம்.

வார்ம்மீட்டே என்ற பெயரைக் கேட்டு எல்லாம் அதில் அடங்கிவிட்டதென்று எண்ணுவதும் தவறு. வீட்டுக்குள் எரியும் மின்சாரத்துக்குக் குடியிருப்பவரே தனி ஒப்பந்தம் செய்துகொள்வதுதான் வழக்கம். அவர் ஒன்றும் செய்யாமல் விளக்கைப் போட்டாலும் விளக்கு எரியும். அப்பிரதேசத்தின் அடிப்படை விநியோக நிறுவனத்தின் வாடிக்கையாளராகச் சட்டமே அவரை ஆக்கிவிடுகிறது. ஆனால் அந்த விகிதம் பெரும்பாலும் மலிவானதாக இராது. இரண்டு வார முன்னறிவிப்போடு அதிலிருந்து விலகலாம். வானொலி, தொலைக்காட்சிக்கான பொதுக் கட்டணம் இன்னொன்று: 2021 ஆகஸ்டிலிருந்து வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் ரேடியோவே இல்லையென்ற சமாதானம் அங்கே எடுபடாது. வீட்டுக்கு ஒன்றே என்பதால், நான்கு பேர் சேர்ந்து வசித்தால் நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொன்றாகக் கட்ட வேண்டியதில்லை.

இனிக் கணக்குக் கடிதம் வந்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். கணக்காண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அது குடியிருப்பவர் கைக்கு வந்திருக்க வேண்டும். 2024ஆம் வருஷக் கணக்கு 2025 டிசம்பர் 31க்குப் பின் வந்தால், தாமதம் வீட்டுக்காரரின் குற்றமல்லாதபோது தவிர, பாக்கி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. திருப்பித் தர வேண்டிய பணம் இருந்தால் அதை மட்டும் தந்தே ஆக வேண்டும். அடுத்தது பரப்பளவு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், உண்மையான பரப்பளவே கணக்குக்குப் பிரமாணம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. சாய்ந்த கூரைக்கு அடியில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரமே உள்ள இடம், வசிப்பிடப் பரப்பை அளக்கும் விதிப்படி, பாதியாகவே சேரும். பால்கனி வழக்கமாகக் கால் பங்கு. ஒரு டேப்பை எடுத்து மாடியறையை அளந்து பார்ப்பது வீண் வேலையல்ல. மூன்றாவதாக, பில்களையும் ரசீதுகளையும் நேரில் பார்க்கும் உரிமை. வீட்டுக்காரரின் அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். அதை மறுத்தால், காட்டும் வரை பாக்கியை நிறுத்தி வைக்கலாம். பாஷை தடையாயின் ஊருக்கு ஊர் உள்ள 'மீட்டர்ஃபெராயின்' என்னும் குடியிருப்போர் சங்கத்தில் வருஷச் சந்தா கட்டி அங்கத்தினராகிவிட்டால், அங்குள்ள சட்ட ஆலோசகர்கள் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள்.

வீட்டைக் காலி செய்கிறவர், சாவியைக் கொடுக்கும் நாளில் எல்லா மீட்டர்களின் எண்களையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மூரில் அட்வான்ஸ் என்று சொல்லும் பிணைத்தொகையில் ஒரு பகுதியை, வரப்போகும் கணக்கை உத்தேசித்து, வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கலாம் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஊர் திரும்புகிறவர்கள் புதிய விலாசத்தைக் கொடுத்துவிட்டு வருவது அவர்களுக்கே நல்லது. கணக்கு கைக்கு வந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். தம் குற்றமின்றித் தாமதித்தவர் தவிர, மற்றவர்கள் அந்தக் கெடு கழிந்தபின் பிழையைச் சுட்டிக்காட்டினாலும் சட்டத்தில் அது செல்லாது.